படித்துக்கொண்டே விழாப் படம் எடுக்க: மதுரை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரியில் படித்துக்கொண்டே கல்யாணம், காதுகுத்து, சடங்கு (பெண் பிள்ளைகளின் பூப்பு நீராட்டு விழா), கல்லூரி விழா என்று படம் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் படிக்கும்போதே ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன்தான். கேமராவைப் பற்றிய பதில்களைவிட விழாவைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

படிப்பு கெடாமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். அதற்குக் கல்லூரி அட்டவணையையும் பஞ்சாங்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆவணி, ஐப்பசி, தை, வைகாசி, ஆனி எல்லாம் வேலை குவியும் மாதங்கள். நவம்பர் செமஸ்டர் தேர்வு நேராக ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் மேல் வந்து விழும். ஏப்ரல் தேர்வு முடிந்து வரும் வைகாசியோ முழுக்க முழுக்க விடுமுறை. மாணவருக்கு அதுதான் சம்பாதிக்கும் காலம்.

வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதை மறந்துவிடாதீர்கள். வளர்பிறை முகூர்த்தம் புதனிலும் வியாழனிலும் வரும். ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டால் செமஸ்டர் முடிவில் தேர்வு எழுத விட மாட்டார்கள். செமஸ்டர் தொடங்கும்போதே உட்கார்ந்து, எந்தெந்த நாட்களை விடலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எந்த ஆர்டரும் வேண்டாம். எடுக்கும் நாள் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பின்னால் படம் தேர்ந்தெடுப்பது, கலர் கரெக்‌ஷன், ஆல்பம் என்று பல இரவுகள் போகும். புதிதாக வருகிறவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது இந்த இரவுகளைத்தான்.

அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஸ்டுடியோ கேமராவில் பழகுங்கள், அப்புறம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஒரு பழைய பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் போதும். விலை குறைந்த லென்ஸ்தான், ஆனால் மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸால் முடியாததை அது செய்யும். பாடியில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் நல்லது. கடன் வாங்கி, வட்டிக்கு வாங்கி விலை கூடிய ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தவணை கட்டுவதற்காகவே கிடைத்த ஆர்டரையெல்லாம் ஒத்துக்கொண்டு, படிப்பையும் விட்டு, படத்தையும் அவசர அவசரமாகக் கொடுப்பார்கள்.

யாரிடம் போய்ச் சேர்வது?

உங்கள் ஊர் ஸ்டுடியோவுக்கு நேரில் போங்கள். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எல்லா ஊரிலும் இருபது முப்பது வருடமாகக் கல்யாணம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பெயர் பெற்ற கேண்டிட் (போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும்) ஆட்களிடம்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். பழைய முறையில் வரிசையாக டிரெடிஷனல் எடுக்கிறவருக்கு எந்தச் சடங்கு எப்போது வரும், எந்தப் பெரியவரை மேடைக்குக் கூப்பிட மறந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் அத்துப்படி. அதை எந்த வீடியோவும் சொல்லித்தராது.

முதலில் லைட் பிடிக்கச் சொல்வார்கள், பேட்டரி சார்ஜ் போடச் சொல்வார்கள். மனம் கோணாமல் செய்யுங்கள். லைட் பிடிக்கிறவன் நிற்கும் இடத்திலிருந்துதான் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று நன்றாகத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் சம்பளமே இல்லாமல் வேலை வாங்குகிற இடத்தில் இருக்க வேண்டாம். பஸ் காசும் சாப்பாடும் அன்றைய கூலியும் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

தனியாக எடுக்கும் முதல் நிகழ்ச்சி எதுவாக இருக்கலாம்?

கல்லூரி விழா. துறைக் கருத்தரங்கு, விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாமே உங்களுக்குப் பழகிய இடத்தில், பழகிய முகங்களோடு நடக்கின்றன. ஒரு படம் விட்டுப்போனாலும் யாருடைய வாழ்க்கையிலும் குறை விழாது. துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு எடுத்து, அன்று இரவே இருபது நல்ல படங்களை அனுப்பிப் பாருங்கள். அடுத்த விழாவுக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

அதற்கு அடுத்தது காதுகுத்து. நம் பக்கம் காதுகுத்தைச் சின்ன விழா என்று சொல்லிவிட முடியாது. தாய்மாமன் சீர் வரும் காட்சி ஒன்றே அரை ஆல்பம் நிறையும். தெரு முனையிலிருந்து மேளதாளம், வெடி, தட்டுத் தட்டாக வரிசை, சில குடும்பங்களில் மாலை போட்ட கிடா என்று ஊர்வலம் வரும். அது கிளம்புகிற இடத்திலேயே நீங்கள் நிற்க வேண்டும்; மண்டப வாசலில் காத்திருந்தால் பாதிதான் கிடைக்கும். தாய்மாமன் முகம், அவர் மனைவி முகம், சீரைப் பார்க்கும் அக்காவின் முகம் மூன்றும் கட்டாயம். தம்பி சீர் கொண்டுவருவதைப் பார்த்து அக்கா கண் கலங்கும் நொடி, அந்தக் குடும்பம் பத்து வருடம் கழித்தும் தேடிப் பார்க்கும் படம்.

காது குத்துவது சில நொடியில் முடிந்துவிடும். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்ததுமே ஆசாரி எந்தக் காதில் தொடங்குவார் என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குழந்தை கண்ணுக்கு நேராக ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். குலதெய்வக் கோயிலில் நடந்தால் உச்சி வெயிலில்தான் பெரும்பாலும் நடக்கும், முகத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். ஒரு மரத்தடியையோ பந்தல் ஓரத்தையோ பார்த்துக் குடும்பத்தை அங்கே உட்காரவைக்கச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் கேட்பார்கள்.

மொய் எழுதும் மேசையை எடுக்கலாம், ஆனால் நோட்டில் பெயரும் தொகையும் படிக்கும்படி எடுக்கக் கூடாது. பந்தியிலும் வாயில் சோறு வைக்கும் நேரம் வேண்டாம். பரிமாறுகிறவரை எடுங்கள், இலை நிறைந்திருப்பதை எடுங்கள்.

கல்யாணத்தில் எதையெல்லாம் விடக் கூடாது?

முதலில் பத்திரிகையை வாங்கிப் படியுங்கள். முகூர்த்த நேரம் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், ஆகவே ஆறு மணியோ ஒன்பது மணியோ என்று பார்த்துக்கொள்ளலாம். ஆறு மணி முகூர்த்தம் என்றால் பெண் அலங்காரத்தை எடுக்க மூன்றரை, நான்கு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது, முதல் நாள் இரவே போய்விடுவது நல்லது.

தாலி கட்டும் நேரம் நெருங்குவதற்கு ஓர் அடையாளம் உண்டு. தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசி கொடுக்கச் சபையில் சுற்றி எடுத்து வருவார்கள். அந்தத் தட்டு மேடைக்குத் திரும்பி ஏறினால் நீங்கள் உங்கள் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். புது கார்டு, புது பேட்டரி அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்து அட்சதை போடுவார்கள். கைகள் மறைக்கும், அரிசியும் பூவும் லென்ஸுக்கு முன்னால் பறக்கும், ஃபோகஸ் அரிசிமேல் போய் நிற்கும். அதனால் முகத்தில் ஃபோகஸ் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாக எடுங்கள். ஒரு சின்ன ஸ்டூல் இருந்தால் கைகளுக்கு மேலிருந்து எடுக்கலாம். வீடியோ எடுக்கும் அண்ணனிடம் முன்பே பேசி, அவர் எந்தப் பக்கம், நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். உறவினர்கள் கல்யாணம் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். மேடை விளிம்பில் முதுகைக் காட்டி வரிசையாக நின்று அவர்களுக்கு மறைப்பது பெரிய குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் பல வீடுகளில் நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போடுவார். அவர் பின்னால் நிற்பதால் படத்தில் விட்டுப்போகும். ஒரு படியாவது பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா முகமும் முக்கியம். மெட்டி, அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது எல்லாம் நிதானமாக நடக்கும், கிடைத்துவிடும்.

எல்லாக் கல்யாணமும் இப்படி நடக்காது. நம் பக்கம் ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் நிறைய உண்டு. 1967இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் அவற்றுக்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. அங்கே தலைமை தாங்குகிறவர் பேசி முடித்ததும் மாலையோ தாலியோ சட்டென்று நடந்து முடிந்துவிடும், கெட்டிமேளம் வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்க முடியாது. நிக்காஹ்வில் ஆண்களும் பெண்களும் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகே போகலாம் என்பதைப் பாதிரியாரிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியம்மாவையோ சித்தப்பாவையோ பிடித்து, "அடுத்து என்னங்க நடக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் படம் ஆடுகிறது, கோடு கோடாக விழுகிறது, முகம் ஊதாவாக இருக்கிறது. ஏன்?

மூன்றும் வேறு வேறு பிரச்சினை.

ஆடுவதற்குக் காரணம் ஷட்டர் வேகம் குறைவாக இருப்பது, அதாவது ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பது. நடக்கும், திரும்பும் மனிதர்களுக்கு 1/125 நொடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200 வரை ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி தெரியும் படத்தை வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை, ஆடிய படத்தை எந்த மென்பொருளாலும் சரியாக்க முடியாது.

கோடு விழுவதற்குக் காரணம் விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 என்றால் கோடு பெரும்பாலும் மறையும். ஆனால் 1/50இல் ஆள் அசைந்தால் ஆடிவிடும், ஆகவே இந்த விளக்குகளுக்கு மட்டும் 1/125ஐ விட்டு 1/100ஐ நடுவழியாக வைத்துக்கொள்ளலாம். சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டரில் கோடு இன்னும் மோசமாகும், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதன் துடிப்பு வேறு. ஆட்கள் வருவதற்கு முன்பே நான்கைந்து வேகத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

முகம் ஊதாவாவது மேடை லைட்டால். இதற்கு கேமராவில் வழி தேடாதீர்கள். லைட் போடும் தம்பியிடம் போய், தாலி கட்டும் நேரம் மட்டும் முகத்தில் வெள்ளை லைட் போடச் சொல்லுங்கள். அன்பாகக் கேட்டால் செய்வார்கள்.

ஃபிளாஷை மேலே திருப்பி அடிப்பது வெள்ளைக் கூரை இருந்தால்தான் பயன். மஞ்சள், சிவப்புப் பந்தல் துணிக்குக் கீழே அடித்தால் அந்த நிறமே முகத்தில் இறங்கும்.

எவ்வளவு கேட்பது?

தொகை ஊருக்கு ஊர் மாறும், அதனால் எண் சொல்வதைவிடக் கணக்கைச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த பொருள், போக்குவரத்து, உதவியாள் கூலி முதலில். அதற்கு மேல் எடுக்கும் நாளுக்கும் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாட்களுக்கும் உங்கள் கூலி. அதற்கும் மேல் கார்டு, ஹார்ட் டிஸ்க் தேய்மானம். ஆல்பத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். இங்கே பெரும்பாலும் 12க்கு 36 அங்குல ஆல்பம் கேட்பார்கள், ஷீட் கூடக்கூட ஆல்பம் அச்சிடும் லேப் செலவு கூடும். எத்தனை ஷீட், எத்தனை நாளில் தருவீர்கள், வீடியோ உண்டா இல்லையா என்பதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதி இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் வாங்காமல் தேதியைப் பிடித்துவைக்காதீர்கள். ஆல்பத் தொகையை லேபுக்கு அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்கிறீர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். மாணவருக்கு இப்போது கவலை இல்லை.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைக் காசு வாங்காமல் எடுக்கச் சொல்கிறார்கள்.

எடுங்கள், ஆனால் அவர்கள் ஏற்பாடு செய்த போட்டோகிராபருக்குத் துணையாக, அவரிடம் முதலில் சொல்லிவிட்டு. உங்களை மட்டுமே நம்பி வேறு யாரையும் வைக்கவில்லை என்றால் காசு வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பு முழுதும் உங்கள்மேல் இருக்கும்போது கூலியும் இருக்க வேண்டும். மாமாவுக்குக் கோபம் வரலாம், ஆல்பம் நன்றாக வந்தால் அது தீரும்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா?

வர வேண்டும், தேவை நிறைய இருக்கிறது. சடங்கு, வளைகாப்பு, பெண் அலங்காரம், முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பகுதி போன்ற இடங்களில் பெண் போட்டோகிராபர் கிடைக்கமாட்டாரா என்று வீட்டுப் பெண்களே கேட்கிறார்கள். அலங்கார அறைக்குள் ஆண்கள் போவதையே பல வீடுகளில் விரும்புவதில்லை. நியாயமும்தான்.

சிரமம் பயணத்தில் இருக்கிறது. ரிசப்ஷன் முடிய இரவு பதினொன்று ஆகும், முகூர்த்தம் விடியலில். இரண்டு தோழிகளாகச் சேர்ந்து ஆர்டர் எடுங்கள். இரவு தங்கத் தனி அறையும் போக வர வண்டியும் பெண் வீட்டாரின் பொறுப்பு என்று ஆர்டர் பேசும்போதே சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்துக்குப் போக வேண்டாம்.

முகத்தை வெள்ளையாக்கித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நான் செய்வதில்லை. பரு, வியர்வை மினுமினுப்பு போன்றவற்றை எடுத்துவிடலாம். தோல் நிறத்தை மாற்றிக் கொடுத்தால் அது அந்தப் பெண்ணின் முகமாக இருக்காது. முகத்துக்குச் சரியான அளவு வெளிச்சம் கொடுத்து எடுத்தால் மாநிறமும் கருப்பும் எவ்வளவு அழகாக வரும் என்று இரண்டு படம் எடுத்துக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு கேட்பதில்லை. வெள்ளைச் சட்டையைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால்தான் பல முகங்கள் தேவையில்லாமல் இருண்டு போகின்றன. முகத்தில் விழும் வெளிச்சத்தை அளவெடுக்கப் பழகுங்கள்.

சித்திரைத் திருவிழா, ஜல்லிக்கட்டு எடுக்கலாமா?

கைப்பழக்கத்துக்கு இவற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குவது விடியலில், மங்கிய வெளிச்சத்தில், நெரிசலில் நடக்கும். பக்தர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள், கேமராவுக்கு பிளாஸ்டிக் உறை இல்லாமல் போகாதீர்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னேற வேண்டாம். அதற்கு முந்தைய நாள் தல்லாகுளத்தில், அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும்போது கொஞ்சம் தாராளமாக நின்று எடுக்கலாம், முகங்களும் நன்றாகக் கிடைக்கும்.

ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். காலரியிலிருந்து மட்டும் எடுங்கள். வாடிவாசல் பக்கம் அனுமதி அட்டை உள்ளவர்களுக்குத்தான். மாடு வெளியேறி ஓடும் பாதையில் நின்று எடுப்பதை எந்தப் படத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எங்கெல்லாம் அனுமதி வேண்டும்?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும், படம் எடுக்கும் விதிகளைக் கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். நாயக்கர் மகாலும் கீழக்குயில்குடி சமணர் மலையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஜோடியையும் ஸ்டாண்டையும் லைட்டையும் கொண்டுபோய் அவுட்டோர் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும்.

டிரோன் என்றால் 2021 டிரோன் விதிகளைப் படியுங்கள். காசு வாங்கிக்கொண்டு 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். எங்கே பறக்கலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்க வேண்டும். மதுரையில் விமான நிலையமும் கோயிலும் இருப்பதால் இதில் விளையாட்டு வேண்டாம்.

நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்? இன்ஸ்டாவில் போடலாமா?

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. ஆகவே விளம்பரத்துக்குப் போட விரும்பினால் ஆர்டர் பேசும்போதே எழுதி வாங்குங்கள். எழுத்தில் சம்மதம் இருந்தாலும் எந்தெந்தப் படம் என்று பெண்ணிடமே காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சடங்குப் படங்களையும் குழந்தைகள் படங்களையும் நான் போடுவதே இல்லை.

படங்களை எப்படிப் பத்திரமாக வைப்பது?

மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் கார்டுகள் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், கேமராப் பையில் அல்ல. வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் இரண்டு வேறு டிஸ்குகளில் ஏற்றுங்கள். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஹாஸ்டலில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆல்பம் கையில் கொடுக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். ரா (RAW, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு) வடிவில் எடுத்தால், கேமராவைப் பொறுத்து, 64 ஜிபி கார்டில் சுமார் 2,000 படம்தான் அடங்கும், அதற்கேற்பக் கார்டு வாங்குங்கள்.

ஆர்டர் ஒத்துக்கொண்ட நாளில் காய்ச்சல் வந்துவிட்டால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்கிறவர்களை எனக்கு உடனே பிடித்துப்போகும். கல்யாணத்தை உங்களுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். உங்களைப் போலவே எடுக்கும் இரண்டு பேரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் போவது, அன்றைய கூலி போனவருக்கு என்று. ஆர்டர் விவரம், மண்டப முகவரி, பெண் வீட்டு எண், மாப்பிள்ளை வீட்டு எண், பேசிய தொகை, கேட்ட சிறப்புப் படங்கள் எல்லாம் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். அதை அப்படியே அவருக்கு அனுப்பினால் போதும். காய்ச்சல் என்று தெரிந்த உடனே வீட்டாருக்கு நீங்களே போன் செய்து, வருகிறவர் பெயரைச் சொல்லி, அவரையும் அந்த அழைப்பிலேயே பேச வையுங்கள். எல்லா முகூர்த்த நாளிலும் எல்லாரும் வேலையில் இருப்பார்கள் என்பதால், பெரிய முகூர்த்தத்துக்கு மாற்று ஆள் யார் என்பதை ஒரு வாரம் முன்பே உறுதிசெய்துவிடுங்கள்.